மூன்றாவது சக்கரம் எதற்கு?

என் மாமா ஜெலுத்தோங் பக்கம் புட்டு மாயம் விற்பவர். பினாங்கு ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன், புட்டு மாயம் என்பது நம் இடியாப்பம்தான். தேங்காய்த் துருவலும் பழுப்புச் சர்க்கரையும் வைத்து மடித்துக் கொடுப்பார்கள். முப்பது வருடமாக மாமாவுக்கு ஒரே தொழில், ஒரே வகை வண்டி. காப்சாய் என்று நாங்கள் சொல்லும் சின்ன மோட்டார் சைக்கிள், பின்னால் அலுமினியப் பெட்டி, கைப்பிடியில் ரப்பர் ஹாரன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலை, ஒரு வீட்டு வாசலில் நின்றபடி சில்லறை எண்ணிக்கொண்டிருந்தவர்மேல் அந்த மோட்டார் சாய்ந்துவிட்டது.

வண்டி ஓடவில்லை. மழை இல்லை, குழி இல்லை, யாரும் இடிக்கவும் இல்லை. இடது காலை ஊன்றிய இடத்தில் கொஞ்சம் மணல் கிடந்தது. பாதம் லேசாக வழுக்கியது, ஏற்கெனவே தேய்ந்திருந்த முழங்கால் மடங்கியது, மோட்டாரும் பெட்டியும் காலின்மேல். கணுக்காலில் எலும்பு விரிசல், ஆறு வாரம் வீட்டில். "வயசாயிடுச்சு, வண்டிய வித்துடுங்க" என்றார் அத்தை. மாமா விற்கவில்லை. கால் தேறியதும் மோட்டாருக்குப் பக்கத்தில் இன்னொரு சக்கரத்தைச் சேர்த்துக்கொண்டார்.

மோட்டார் ஓட்டிகள் ஏன் இரண்டு சக்கரத்திலிருந்து மூன்றுக்கு மாறுகிறார்கள் என்று கேட்டால், வேகத்துக்குப் பயந்து மாறுகிறார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மாறியவர்கள் பலரிடம் நான் பேசியிருக்கிறேன், ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. இரண்டு சக்கர வண்டி ஓடும்போது நன்றாகத்தான் நிற்கிறது. நிற்கும்போதுதான் விழுகிறது.

ஓடினால் நிற்கும், நின்றால் விழும்

சின்ன வயதில் உள்ளங்கையில் ஒரு கம்பை நட்டக்குத்தலாக நிறுத்தி விளையாடியிருப்பீர்கள். கம்பு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமாகவே கையை நகர்த்தினால்தான் அது விழாது. கையை அசைக்காமல் வைத்திருந்தால் ஒரு நொடிகூட நிற்காது. இரண்டு சக்கர வண்டியும் அந்தக் கம்புதான். வண்டி இடது பக்கம் சாயத் தொடங்கினால், முன்சக்கரம் கொஞ்சம் இடது பக்கம் திரும்புகிறது, சக்கரங்கள் சாயும் பாரத்துக்கு அடியில் ஓடிப்போய் நின்றுகொள்கின்றன. ஓட்டுபவரின் கை பாதி வேலையைச் செய்கிறது, வண்டியின் அமைப்பே மீதியைச் செய்கிறது. பம்பரம் போல் சக்கரம் சுழல்வதால்தான் வண்டி நிற்கிறது என்று பள்ளியில் கேட்டிருப்போம். சுழற்சி உதவுகிறது என்பது சரி, ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை. நெதர்லாந்தின் டெல்ஃப்ட், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் அந்தச் சுழற்சி விளைவைச் சமன்செய்து நீக்கிய ஒரு சோதனைச் சைக்கிளை ஆள் இல்லாமல் தள்ளிவிட்டார்கள். அதுவும் தானாக நிமிர்ந்து ஓடியது. முக்கியமான விஷயம், சாயும் பக்கம் திரும்புவது.

வளைவில் இது இன்னும் வேடிக்கையாகிவிடும். விமானம் செய்த ரைட் சகோதரர்கள் தொழிலால் சைக்கிள் செய்து விற்றவர்கள். மூத்தவர் வில்பர், பல சைக்கிளோட்டிகளிடம் இடது பக்கம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று கேட்டுப் பார்த்தார். முதல் கேள்விக்கே முழுவதும் சரியாகப் பதில் சொன்னவர் ஒருவரும் இல்லை. கைப்பிடியை இடது பக்கம் திருப்புவோம் என்றுதான் நாமும் சொல்வோம். உண்மையில் நம் கை முதலில் கைப்பிடியை ஒரு இழை வலது பக்கம் தள்ளுகிறது. அதனால் வண்டி இடது பக்கம் சாய்கிறது. சாய்ந்த பிறகுதான் இடது பக்கம் திரும்புகிறது. இதை யாரும் சொல்லித் தருவதில்லை, உடம்பே கற்றுக்கொள்கிறது. இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று சக்கரத்துக்கு மாறும்போது இந்தப் பழக்கம்தான் முதலில் காலை வாரிவிடும்.

சரி, வண்டி நடை வேகத்துக்கும் கீழே இறங்கினால் என்ன ஆகும்? முன்சக்கரத்தைத் திருப்பினாலும் சக்கரங்கள் பாரத்துக்கு அடியில் போய்ச் சேர நேரம் போதாது. அப்போது கம்பை நிறுத்தும் கை நம் கால்தான். அந்தக் காலுக்கு எவ்வளவு வேலை என்று ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்ப்போம். மாமாவின் மோட்டாரும் நிரம்பிய பெட்டியும் சேர்ந்து 140 கிலோ, எடை மையம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் என்று வையுங்கள். வண்டி 5 பாகை சாய்ந்தால், ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும் கைப்பிடியில் 7 கிலோ அளவு தாங்கினால் போதும். 20 பாகை சாய்ந்தால் அது கிட்டத்தட்ட 29 கிலோ. சாய்வு நான்கு மடங்கு, பாரமும் நான்கு மடங்கு. இளைஞர் 10 பாகையிலேயே இடுப்பால் முட்டுக்கொடுத்து நிமிர்த்திவிடுவார், 20 வரை போகவே விடமாட்டார். வயது ஏறும்போது எலும்பும் தசையும் மட்டும் தளர்வதில்லை, 'சாய்கிறது' என்று உணர்ந்து செயல்படும் அந்த அரை நொடியும் நீள்கிறது. அந்த அரை நொடிக்குள் வண்டி 20-ஐத் தாண்டிவிடும். அப்புறம் பலசாலியே பிடித்தாலும் கஷ்டம்.

சின்ன மோட்டாருக்கே இந்தக் கணக்கு. பெரிய பயண மோட்டார்கள் இருக்கின்றன, ஹோண்டா கோல்ட் விங் மாதிரி. அவை 350 கிலோவுக்கு மேல். ஆளும் சாமானும் ஏறினால் அரை டன்னைத் தொடும். நெடுஞ்சாலையில் இறகு போல் போகும் அந்த வண்டி, பெட்ரோல் நிலையத்தில் சரளைக்கல்மேல் நிற்கும்போதுதான் ஓட்டியைப் பயமுறுத்துகிறது.

யார் மாறுகிறார்கள்

முதல் கூட்டம், நான் சொன்ன மாமா மாதிரி ஆட்கள். முழங்கால் தேய்ந்தவர்கள், இடுப்பு எலும்பு மாற்றிக்கொண்டவர்கள், பக்கவாதம் வந்து தேறி ஒரு பக்கம் மட்டும் பலம் குறைந்தவர்கள். இவர்களுக்கு ஓட்டத் தெரியாமல் போகவில்லை. நாற்பது வருட அனுபவம் கையிலும் கண்ணிலும் அப்படியே இருக்கிறது. சிவப்பு விளக்கில் நிற்கும் முப்பது நொடிதான் பிரச்சினை. அந்த முப்பது நொடிக்காக வண்டியையே விட்டுவிடச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இரண்டாவது கூட்டம் முதலிலிருந்தே இரண்டு சக்கரத்தில் ஏற முடியாதவர்கள். இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பியவர்கள், விபத்தில் காலை இழந்தவர்கள். மாற்றுத்திறனாளிகளை மலேசியாவில் ஓகேயூ என்பார்கள். பினாங்கின் ஜார்ஜ் டவுனிலும் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் பின்பக்கம் இரண்டு சக்கரம் பொருத்திய ஓகேயூ மோட்டார்களைப் பார்க்கலாம், ஊன்றுகோல் பக்கத்தில் செருகியிருக்கும். தமிழ்நாட்டில் அரசே மாற்றுத்திறனாளிகளுக்கு இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர் கொடுக்கிறது. இவர்களுக்கு மூன்றாவது சக்கரம் என்றால் வேலைக்குப் போவது, பிள்ளையைப் பள்ளியில் விடுவது, யாரையும் எதிர்பார்க்காமல் பாசாருக்கு, அதாவது சந்தைக்குப் போய் வருவது. இந்தக் கட்டுரையில் வரும் எல்லாக் காரணங்களையும்விடப் பெரிய காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அப்புறம் பின்னால் உட்காருபவர். இதை யாரும் வெளியே பேசுவதில்லை, ஆனால் பெரிய மோட்டார் ஓட்டும் பல அண்ணன்கள் மாறியது அண்ணிக்காகத்தான். காலை உயரத் தூக்கி ஏற வேண்டிய சின்ன இருக்கையில், சாய்ந்துகொள்ள ஒன்றும் இல்லாமல், இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வர அறுபது வயதில் யாருக்கு முடியும்? மூன்று சக்கரத்தில் நாற்காலி மாதிரி இருக்கை வைக்கலாம். வண்டி ஆடாமல் நிற்கும்போது நிதானமாக ஏறி இறங்கலாம்.

சுமை ஏற்றுபவர்கள் நாலாவது. ரொட்டிக்காரர், ஐஸ்கிரீம்காரர், பழைய இரும்பு எடுப்பவர். இவர்கள் தலைமுறை தலைமுறையாக மூன்று சக்கரத்தில்தான் இருக்கிறார்கள், யாரும் இதைப் புதுமை என்று சொன்னதில்லை. அமெரிக்காவிலும் அப்படித்தான். ஹார்லி டேவிட்சன் 1932-இல் செர்வி கார் என்ற மூன்று சக்கர மோட்டாரை வெளியிட்டது பட்டறைக்காரர்களுக்காக. 1973 வரை அதைச் செய்தார்கள். சொகுசுக்காக மூன்று சக்கரம் என்பது பின்னால் வந்தது. அதே கம்பெனி நீண்ட பயணத்துக்கான டிரை கிளைடை விற்கத் தொடங்கியது 2009-இல்தான்.

ஐரோப்பாவில் இன்னொரு காரணமும் உண்டு: லைசென்ஸ். முன்னால் உள்ள இரண்டு சக்கரங்களுக்கு இடையே போதுமான அகலம் இருந்தால் அங்கே சட்டப்படி அது மோட்டார் சைக்கிள் கணக்கில் வராது. அதனால் பிரான்சில் கார் லைசென்ஸை வைத்தே பியாஜியோ எம்பி3 ஓட்டிப் பழகியவர்கள் நிறைய.

ஜார்ஜ் டவுனில் எல்லா வகையும் இருக்கின்றன

மூன்று சக்கரம் என்றால் ஒரே வண்டி இல்லை. அதன் அமைப்பை வைத்து அது மூன்று நான்கு விதமாக நடந்துகொள்ளும். இதைப் புரிந்துகொள்ள ஷோரூம் போக வேண்டாம், லிட்டில் இந்தியாவில் அரை மணி நேரம் நின்றால் போதும்.

சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு போகும் பெச்சா என்ற சைக்கிள் ரிக்‌ஷாவைப் பாருங்கள். பினாங்கு பெச்சாவில் பயணி முன்னால், மிதிப்பவர் பின்னால். முன்னே இரண்டு சக்கரம், பின்னே ஒன்று. மலாக்காவில் வேறு மாதிரி, பயணி பக்கத்தில் உட்காருவார். கனடாவின் பிஆர்பி நிறுவனம் 2007-இல் கொண்டுவந்த கேன் ஆம் ஸ்பைடர், நம் பெச்சாவின் அதே அமைப்பு: முன்னே இரண்டு, பின்னே ஒன்று.

ஓகேயூ மோட்டார் இதற்கு நேர் எதிர். முன்னே ஒன்று, பின்னே இரண்டு. தமிழ்நாட்டு ஆட்டோவும் இதே குடும்பம்தான். 1948-இல் வெஸ்பா ஸ்கூட்டரின் அடிப்படையில் இத்தாலியில் உருவான பியாஜியோ ஆப்பே தான் அந்த வகை வண்டிகளின் முன்னோடி. ஹார்லி டிரை கிளைடும் இந்த அமைப்புதான்.

ரொட்டிக்காரரின் மோட்டார் மூன்றாவது வகை. மோட்டார் மோட்டாராகவே இருக்கும், பக்கத்தில் ஒரு சக்கரத்தோடு ஒரு பெட்டி. நாம் சாலையின் இடது பக்கம் ஓட்டுவதால் பெட்டியும் இடது பக்கம். அதுதான் சைட்கார்.

நான்காவது வகையை இங்கே அதிகம் பார்க்க முடியாது. மூன்று சக்கரம் இருந்தும் சாயக்கூடிய வண்டி. பியாஜியோ எம்பி3 2006-இல் வந்தது, யமஹா ட்ரைசிட்டி 2014-இல், அதே யமஹாவின் பெரிய நிக்கன் 2018-இல். முன்னால் இரண்டு சக்கரம், இரண்டும் ஓட்டுபவரோடு சேர்ந்து சாயும். ஈரச் சாலையில், சாலைக்கோட்டுப் பெயிண்டின்மேல் ஒரு முன்சக்கரம் வழுக்கினாலும் இன்னொன்று பிடித்துக்கொள்ளும். பினாங்கு மழையில் ஓட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது, முழங்கால் வலிக்காக மாற நினைப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். சாயும் வண்டி நிற்கும்போதும் சாயும். எம்பி3-இல் நிற்கும் நேரத்தில் சாய்வைப் பூட்டிவைக்கும் வசதி உண்டு, அதனால் காலைத் தரையில் ஊன்றாமலே நிற்கலாம். நிக்கனில் அது கிடையாது. மூன்று சக்கரம் இருந்தும் சிவப்பு விளக்கில் காலை ஊன்றித்தான் ஆக வேண்டும், அதுவும் 260 கிலோவுக்கு மேற்பட்ட வண்டியைத் தாங்கிக்கொண்டு. முழங்காலுக்காக மாறுபவர் அதை வாங்கினால் பணம்தான் போகும், பிரச்சினை அப்படியே இருக்கும். எத்தனை சக்கரம் என்று எண்ணாதீர்கள், இஞ்சினை அணைத்து இரண்டு காலையும் தூக்கினால் அது தானாக நிற்குமா என்று பாருங்கள்.

மூன்று கல் அடுப்பு

நம் பாட்டிகள் அடுப்புக்கு மூன்று கல்தான் வைத்தார்கள். தரை எவ்வளவு கோணலாக இருந்தாலும் மூன்று கல்லும் பானையைத் தொடும், ஆடவே ஆடாது. நான்கு கால் மேசைக்கு ஒரு காலின் கீழ் அட்டை மடித்து வைக்க வேண்டியிருக்கும். மூன்று சக்கர வண்டி மேட்டிலும் பள்ளத்திலும் தள்ளாடாமல் நிற்பது இதனால்தான். தரைமேல் இருக்கும் எந்த மூன்று புள்ளியும் ஒரே தளத்தில் அமையும்.

அதே அடுப்பில் பானையின் பாரம் இரண்டு கல்லுக்கு நடுவே வெளிப்பக்கமாகப் போனால் கவிழ்ந்துவிடும். வளைவில் நடப்பது அதுதான். மூன்று சக்கரமும் தரையைத் தொடும் இடங்களைக் கோட்டால் இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். சாயாத வண்டி வளைவில் போகும்போது பாரம் வெளிப்பக்கம் தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளல் முக்கோணத்தின் விளிம்பைத் தாண்டினால், உள் சக்கரம் தரையை விட்டு எழும்.

பினாங்கில் தெலுக் பஹாங் பக்கம் போகும் சாலை வளைந்து வளைந்து போகும். அங்கே 25 மீட்டர் ஆரம் உள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சக்கர மோட்டார் 40 கி.மீ. வேகத்தில் அதைக் கடக்க 27 பாகை அளவு சாய வேண்டும். 45 கி.மீ. என்றால் இன்னும் ஐந்தாறு பாகை கூடுதலாகச் சாய்ந்தால் சரியாகிவிடும், உலர்ந்த சாலையில் டயர் தாங்கும். இப்போது ஓகேயூ மோட்டார் மாதிரி, முன்னே ஒன்று பின்னே இரண்டு சக்கரம் உள்ள வண்டி. பின்சக்கரங்களுக்கு இடையே 100 செ.மீ., எடை மையம் 60 செ.மீ. உயரத்தில், முன்சக்கரத்திலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில். அந்த இடத்தில் முக்கோணத்தின் நடுவிலிருந்து விளிம்புக்கு 33 செ.மீ.தான். கணக்கு போட்டால், 42 கி.மீ. வேகத்தில் உள் சக்கரம் எழும்பத் தொடங்கும். இதே அகலமும் உயரமும் உள்ள நான்கு சக்கர வண்டிக்கு அந்த எல்லை 51 கி.மீ. முக்கோணத்தின் ஒரு முனை குறுகலாக இருப்பதற்கு நாம் கொடுக்கும் விலை இது. இரண்டு சக்கரத்தில் சாய்வு கூடக் கூட, எல்லை நெருங்குகிறது என்று உடம்புக்குத் தெரியும். மூன்று சக்கரத்தில் 40 வரை எல்லாம் சாந்தமாக இருக்கும், 42-இல் சட்டென்று சக்கரம் எழும்பும்.

பிரேக்கும் இதில் கலந்துகொள்ளும். பிரேக் பிடித்தால் பாரம் முன்னால் பாயும். ஓகேயூ மோட்டாரிலும் ஆட்டோவிலும் முன்பக்கம் குறுகிய முனை, ஆகவே வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக் பிடித்தால் வண்டி முன்மூலையில் கவிழப் பார்க்கும். பெச்சா அமைப்பில் முன்பக்கம் அகலம், அதே பிரேக் வண்டியைத் தரையில் நன்றாக அமர்த்தும். நவீன மூன்று சக்கர மோட்டார்கள் பல முன்னே இரண்டு சக்கரம் வைப்பதற்கு இது முக்கியமான காரணம். ஸ்பைடரில் உள் சக்கரம் எழும்பப் பார்த்தால் தானே இஞ்சின் வேகத்தைக் குறைத்துப் பிரேக் பிடிக்கும் மின்னணு ஏற்பாடும் இருக்கிறது. பட்டறையில் செய்த வண்டியில் அது இருக்காது. அங்கே வேகத்தை வளைவுக்கு முன்பே குறைப்பது ஒன்றுதான் வழி.

பின்னே இரண்டு சக்கரம் வைப்பதில் இன்னொரு நுணுக்கம். கோவில் பிரகாரத்தில் நாலு பேர் கைகோத்துச் சுற்றும்போது மூலையில் வெளிப்பக்கம் இருப்பவர் எட்டி நடக்க வேண்டும், உள்பக்கம் இருப்பவர் நின்ற இடத்திலேயே திரும்புவார். வண்டியின் இரண்டு பின்சக்கரமும் அப்படித்தான், வளைவில் ஒன்று அதிக தூரம் ஓட வேண்டும். ஒரே இரும்புத் தண்டில் இரண்டையும் இறுக்கிவிட்டால் ஒன்று தரையில் உரசிக்கொண்டே வரும், வண்டி திரும்ப மறுக்கும். காரில் இருப்பது போல் டிஃபரன்ஷியல் வைத்தால் இரண்டும் தனித்தனி வேகத்தில் சுழலும். செலவு குறைந்த வழி, பழைய பின்சக்கரத்தை அப்படியே நடுவில் விட்டு, இரண்டு பக்கமும் இணைப்புச் சக்கரம் பொருத்துவது. வேலை நடக்கும். ஆனால் பள்ளத்தில் இணைப்புச் சக்கரங்கள் இரண்டும் மேட்டில் ஏறி நின்றுவிட்டால், இஞ்சினால் சுற்றும் நடுச்சக்கரம் அந்தரத்தில் சுழலும், வண்டி நகராது. இணைப்புச் சக்கரத்துக்கும் ஸ்பிரிங் போட்டிருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

மாறிய பிறகு

முதல் அரை மணி நேரம் எல்லாருக்கும் பயமாகத்தான் இருக்கும். நான் முன்பே சொன்ன பழக்கம், இடது பக்கம் போக வலது பக்கம் ஒரு இழை தள்ளுவது, அது இங்கே செல்லாது. சாயாத மூன்று சக்கரத்தில் கைப்பிடியை வலது பக்கம் தள்ளினால் வண்டி வலது பக்கமே போகும். நாற்பது வருடம் ஓட்டியவர்தான் இதில் அதிகம் தடுமாறுவார், புதிதாகக் கற்பவர் தடுமாற மாட்டார். ஆள் இல்லாத மைதானத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில், நடை வேகத்தில் எட்டு போட்டுப் பழகாமல் யாரும் சாலைக்கு வரக் கூடாது. இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன்.

இரண்டாவது, கால். வண்டி நிற்கப்போகிறது என்றதும் கால் தானாகக் கீழே இறங்கும். பின்னே இரண்டு சக்கரம் உள்ள வண்டியில் அந்தக் காலின்மேல் பின்சக்கரம் ஏறிவிடும். வண்டி முழுவதுமாக நிற்கும்வரை பாதம் மிதிபலகையில்தான் இருக்க வேண்டும்.

சாலையும் வேறு மாதிரி தெரியும். இரண்டு சக்கரத்துக்கு ஒரே தடம், குழியைப் பார்த்து விலகிப் போய்விடலாம். ஓகேயூ மோட்டாருக்கு மூன்று தடம். நடுச்சக்கரம் விலகினால் பக்கச்சக்கரம் விழும். நெரிசலில் கார்களுக்கு நடுவே புகுந்து போவது இனி கிடையாது. கோலாலம்பூர் ஃபெடரல் நெடுஞ்சாலையின் தனி மோட்டார் தடம் இரண்டு சக்கரத்தை நினைத்துக் கட்டியது, அகலமான வண்டி அதில் போனால் பின்னால் வருபவர் முந்த வழியில்லாமல் தவிப்பார். கனமான வண்டி என்றால் காலால் பின்னுக்குத் தள்ளவும் முடியாது, அதனால்தான் பெரிய மூன்று சக்கர மோட்டார்களில் ரிவர்ஸ் கியர் வைக்கிறார்கள்.

மூன்றாவது சக்கரம் தாங்குவது சமநிலையை மட்டும்தான். கண் மங்கியவருக்கு அது கண் கொடுக்காது. எதிரே வரும் காரிலிருந்து காப்பாற்றாது. மலேசியாவில் சாலையில் உயிரிழப்பவர்களில் பாதிக்கு மேல் மோட்டாரில் போனவர்கள். மூன்று சக்கரத்திலும் நம்மைச் சுற்றித் தகடு கிடையாது, தலைக்கவசம்தான் இருக்கிறது. பக்கவாதமோ மயக்கமோ வந்தவர்கள் மருத்துவர் சரி என்று சொன்ன பிறகே எந்தச் சக்கரத்திலும் ஏற வேண்டும்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பி2 லைசென்ஸ் 250 சிசி வரையுள்ள மோட்டாருக்கு. பெரியதுக்கு வேறு வகுப்பு வேண்டும். மூன்று சக்கரத்துக்கும் ஓகேயூ வண்டிக்கும் தனி வகுப்புகள் உண்டு. எந்த வண்டிக்கு எது என்று பட்டறைக்காரரிடம் கேட்காதீர்கள், சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே அலுவலகத்தில் நேராகக் கேளுங்கள். சக்கரம் சேர்ப்பது வண்டியின் அமைப்பையே மாற்றுவது. அனுமதி வாங்காமல் மாற்றிவிட்டு விபத்து நடந்தால் காப்புறுதி கைவிரித்துவிடும். மாமா முதலில் போன பட்டறையில், "காகிதம் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் அங்கள்" என்றார்கள். அவர் அங்கே வண்டியை விடாமல் திரும்பி வந்தது எனக்கு இன்றைக்கும் நிம்மதி.

மாமா கடைசியில் தேர்ந்தெடுத்தது சைட்கார். பெட்டி இடது பக்கம், வீட்டு வாசல்களும் இடது பக்கம், இருக்கையிலிருந்து இறங்காமலே மடித்துக் கொடுக்கலாம். ஒரு காலையில் நாற்பது தடவை இறங்கி ஏறிய முழங்காலுக்கு இப்போது ஐந்தாறு தடவைதான் வேலை. ஆனால் சைட்காருக்கு ஒரு குணம் உண்டு, அதைப் பழகவே அவருக்கு இரண்டு மாதம் ஆனது. வேகம் கூட்டக் கைப்பிடியை முறுக்கினால் பெட்டி பின்தங்கும், வண்டி இடது பக்கம் இழுக்கும். பிரேக் பிடித்தால் பெட்டி முன்னே ஓடப் பார்க்கும், வண்டி வலது பக்கம் இழுக்கும். இடது வளைவில் பெட்டிச் சக்கரம் மேலே எழும்பும். காலையில் பெட்டி நிறையப் புட்டு மாயமும் தேங்காயும் இருக்கும்போது அது எழும்பாது, பாரம் அழுத்திப் பிடித்திருக்கும். எல்லாம் விற்றுத் தீர்ந்து காலிப் பெட்டியோடு வீடு திரும்பும்போதுதான் எழும்பும்.

முதல் வாரத்தில் ஒரு நாள் அவர் வீட்டுச் சந்துக்குத் திரும்பும் இடது முனையில் அந்தச் சக்கரம் ஒரு சாண் எழும்பியதை நான் பின்னால் வந்துகொண்டிருந்தபோது பார்த்தேன். நெஞ்சு பதறிவிட்டது. அவர் முறுக்கைத் தளர்த்தினார், பிரேக்கைத் தொடவில்லை, கைப்பிடியைக் கொஞ்சம் நேராக்கினார். சக்கரம் மெதுவாகத் தரைக்கு வந்தது. அடுத்த நாளிலிருந்து வியாபார வழியையே மாற்றிக்கொண்டார். முன்பெல்லாம் மறுநாளைக்குத் தேங்காயும் அரிசி மாவும் சாயங்காலம் வாங்குவார். இப்போது கடைசி வாசலில் விற்று முடித்ததும் நேராகப் பாசாருக்குப் போகிறார். முப்பது தேங்காயையும் மாவு மூட்டையையும் பெட்டியில் இறக்கி, மூடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் அந்த இடது முனைக்கு வருகிறார்.